நாற்பத்தாறு கிலோவுக்கு ஒரு ஃபோர்க்

மெக்கானிக், தான் வேலை பார்க்கும் சைக்கிள் கடைக்குக் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. கண்ணாடிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை முதலாளி நான்காக மடித்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டார்.

"ஒரு மூடிக்கா இவ்வளவு?" என்றாள் மனைவி.

"மூடிக்கு இல்ல. கண்ணாடிக்கு. மூடி நல்லாத்தான் இருக்கு."

அது உண்மைதான். மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் காற்று, ஒன்றில் ஆயில். காற்றுக் குழாயின் மூடியைத் திருகும் முன் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். அவர் எப்போதும் இறக்கிவிட்டுத்தான் திருகுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், இறக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு திருகினார். மூடி அவர் காதோரமாக விசிலடித்துக்கொண்டு போய்க் கடையின் முன்கண்ணாடியை நடுவில் துளைத்தது. கண்ணாடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது.

அன்று முதல் கடையில் அவருக்கு ராக்கெட் என்று பெயர்.

"யார் மேலயும் படல இல்ல?"

"படல."

"அப்ப விடுங்க. என்கிட்ட கொஞ்சம் சேர்த்து வச்சது இருக்கு…"

"உன் காசு ஒண்ணுகூட இதுல சேரக் கூடாது. நான் உடைச்சது. நான் கட்டறேன்."

"எதுல இருந்து கட்டுவீங்க?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லாமலே இரண்டு டம்ளர் குடித்தார்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும். பஸ் டிக்கெட் இருபது ஆகிவிட்டது, போக இருபது, வர இருபது என்று அந்த மாதம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் காசு வாங்குவதைவிட இன்னொரு கண்ணாடியை உடைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை அடித்திருந்தார்கள். கடை மூடியிருப்பதாக நினைத்து ஆட்கள் திரும்பிப் போனதால் அட்டையின் மேல் 'கடை திறந்திருக்கிறது' என்று எழுதியிருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் இருந்துட்ட. போன்னு சொல்ல வாய் வரல," என்றார் முதலாளி. "என் அக்கா பொண்ணு பதினாறு வாரத்துல பந்தயம் ஓட்டப்போறா. மலைமேல இருந்து கீழ இறங்கற பந்தயம். அவ ஃபோர்க்கை நீ பாரு."

"அதுக்கென்ன, பார்த்துட்டாப் போச்சு."

"அப்படிச் சுலபமாச் சொல்லாத. ரெண்டு கடையில பார்த்துக் கை விட்டுட்டாங்க. கம்பெனிக்காரன் எழுபது, எண்பது கிலோ ஆம்பளைங்களை மனசுல வச்சுத்தான் இதையெல்லாம் செய்யறான். இவ ஏறினா கல்லு மாதிரி நிக்குது. ஒரு கடைக்காரன், பாப்பா நீ நல்லா சாப்பிட்டுட்டு வான்னு சொல்லி அனுப்பிட்டான்."

"எவ்வளவு எடை?"

"நாற்பத்தாறு. வீட்ல குருவின்னுதான் கூப்பிடுவோம்." முதலாளி கல்லாப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். "அவ முதல் பத்துக்குள்ள வந்தா கண்ணாடியை நான் மறந்துடறேன்."

"வரலைன்னா?"

"பந்தயத்துக்குள்ள நீ பணத்தைக் கட்டியிருக்கணும். ரெண்டும் நடக்கலைன்னா அந்த மேசை உனக்கு இல்லய்யா. கோடவுனுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைங்க சைக்கிளுக்குப் பெடல் மாட்டு. பாதிச் சம்பளம்."

குருவி மலைமேல் பயிற்சி முகாமில் இருந்தாள். அங்கிருந்து அவள் வர மாட்டாள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் மட்டும் வேனில் வரும், வேனில் திரும்பிப் போகும்.

மெக்கானிக் ஃபோர்க்கைக் கழற்றினார். இந்தத் தடவை காற்றை இறக்கிவிட்டு, வால்வை அமுக்கிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, பக்கத்து மேசைக்காரரையும் கேட்கச் சொல்லி, அப்புறம்தான் திருகினார். உள்ளே இருந்த கெட்டி ஆயிலை வடித்துவிட்டு மெல்லிய ஆயில் ஊற்றினார். காற்றுக் குழாயில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வில்லைகளை எடுத்துவிட்டார். கனமான ஆளுக்கு அவை வேண்டும், குருவிக்கு எதற்கு. ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் சீல்களைத் துடைத்து, ஓரத்தில் விரலால் கிரீஸ் தடவினார். சாமான் எல்லாம் தயார். இனி அளவு பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இந்த ஃபோர்க்குக்கு முப்பது மில்லிமீட்டர் இறங்கினால் கணக்குச் சரி. அதைக் காட்டக் குழாயின் மேல் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் ஏறினால் அது மேலே நகரும், ஆள் இறங்கினாலும் அங்கேயே நிற்கும். அந்த வளையத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. இத்தனை வருடத் தொழிலில் அவர் சந்தேகப்படாத ஒரே சாமான் அதுதான்.

கடையில் நாற்பத்தாறு கிலோ யாரும் இல்லை. முதலாளி தொண்ணூற்றிரண்டு. கல்லாக்காரம்மா தன் எடையைச் சொல்ல மறுத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஏனென்றால் மனைவி போன வாரம்தான் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி மூட்டை நிறுக்கும் தராசின் மேல் விளையாட்டுக்கு ஏறி நின்றிருந்தாள். நாற்பத்தாறு காட்டியது. மேற்பார்வை பார்க்கும் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு, அடுத்த மூட்டையைக் கொண்டா என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் சைக்கிளை நிறுத்தினால் வாசல் கதவு திறக்காது. அந்த அளவு அறை.

"ஏறு," என்றார்.

"எங்க?"

"சைக்கிள் மேல."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேணாம். சும்மா உட்காரு. நீ இங்க ஆள் இல்ல, எடை."

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சு நான் ஒரு வேலைக்கு லாயக்குன்னு கண்டுபிடிச்சீங்களே, அதைச் சொல்லணும்."

குருவி ஹெல்மெட்டும் முதுகுப் பையும் போட்டுக்கொண்டு ஓட்டுவாள். அதற்கு மூன்று கிலோ. அவர் மனைவி தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்து வாரை மாட்டினார். முதுகில் ஒரு பை, பையில் மூன்று தண்ணீர் பாட்டில். அவள் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் பீரோவையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்லண்ணே. எடைக்கு உட்கார்ந்திருக்கேன்."

அவர் இரண்டு படி ஏறி, நின்று, யோசித்து, மேலே துணி காயப்போடப் போனவர் துணியோடு கீழே இறங்கிவிட்டார்.

"பீரோவை விடு. கைப்பிடியைப் பிடி. மூச்சு விடாத," என்றார் மெக்கானிக். முட்டி போட்டுக் குனிந்து, கண்ணை வளையத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் விடாம இருக்கணும்?"

"இப்ப இறங்கு. மெதுவா. ஆட்டாம."

முப்பத்து நான்கு. காற்று அடித்தார். மறுபடி ஏறினாள். இருபத்தேழு. கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏறினாள். ஐந்தாவது தடவை வளையம் அளவுகோலில் முப்பதின் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. பம்பின் முள் ஐம்பதில் நின்றது. அவர் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தார்.

"முப்பது வந்தா கடன் தீர்ந்துடுமா?" என்றாள் அவள், இன்னும் ஹெல்மெட்டோடு.

"அந்தப் பொண்ணு முதல் பத்துல வந்தா தீரும்."

"வரலைன்னா?"

"வருவா."

"உங்க முதலாளி அக்கா பொண்ணு காலை நம்பி நான் உட்கார்ந்திருக்கணும்."

"அவ காலை நம்ப வேணாம். என் கையை நம்பு."

அவள் அவர் கையைப் பார்த்தாள். ஸ்டீல் அளவுகோல் அந்தக் கையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

ஐந்து வாரம் கழித்து வேன் வந்தது. சைக்கிள் முழுக்கச் சேறு. கைப்பிடியில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு துண்டுக் காகிதம். 'அண்ணா, முதல் தடவையா சைக்கிள் என் பேச்சைக் கேட்குது. கல்லு மேல ஏறினாலும் கை வலிக்கல. நன்றி.' மெக்கானிக் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டின்போது எடுத்துப் படிப்பார். மடிப்பில் கிழியும்வரை படித்தார்.

சேற்றுக்குப் பிறகு ஃபோர்க்கைச் சுத்தம் செய்து மறுபடி அளவு பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதுதான் முறையான வேலை. மனைவி ஏறி உட்கார்ந்தாள். இருபத்தெட்டு.

"சரியா உட்காரு."

"இதுக்கு மேல எப்படி உட்காரறது?"

மறுபடி இருபத்தெட்டு. காற்றுப் பழையபடி ஐம்பதுதான். ஃபோர்க் இறங்க மறுக்கிறது என்றால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. சீல் என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோய் இரண்டு சீல்களையும் மாற்றினார். சாயங்காலம் மனைவிக்காகக் காத்திருந்தார். அவளுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம். விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போகிறாள், திரும்பி வரத் தாமதமாகிறது. வந்தவளை உட்காரக்கூட விடாமல் சைக்கிளில் ஏற்றினார்.

இருபத்தெட்டு.

காற்றை நாற்பத்தெட்டுக்கு இறக்கினார். முப்பது வந்தது. அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் அவள் செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குதிகாலில் ஓட்டை. அவர் டியூபுக்குப் போடும் ஒட்டை வெட்டி, கம் தடவி, சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

"பஸ்ல போறவளுக்குச் செருப்பு எப்படித் தேயும்?"

"உட்கார இடமா கொடுக்கறாங்க? நின்னுக்கிட்டேதான் போறேன்."

"நின்னாத் தேயுமா?"

"டிரைவர் பிரேக் போடறப்பெல்லாம் தேயுது."

பஞ்சர் ஒட்டின செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற ஒரே பெண் நான்தான் என்று அவள் கீழ் வீட்டில் சொல்லிச் சிரித்தது அவருக்கும் கேட்டது.

பத்தாவது வாரம். காகிதத்தில் எழுத்து கொஞ்சம் சிறிதாக இருந்தது. 'அண்ணா, சரிவுல இறங்கறப்ப முன்பக்கம் முங்குது. நான் தப்பா உட்காரறேனோ?'

முங்குகிறது என்றால் ஃபோர்க் ரொம்ப இளகிவிட்டது என்று அர்த்தம். மனைவி ஏறினாள். இருபத்தேழு. இளகவில்லை, இறுகியிருக்கிறது.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். குருவி சொல்வதை நம்பினால் காற்றை ஏற்ற வேண்டும். வளையத்தை நம்பினால் இறக்க வேண்டும்.

"நீ ஏதாவது எடை கூடிட்டியா?"

"ஏன் கேட்கறீங்க?"

"இப்பல்லாம் ராத்திரி ரெண்டு மடங்கு சாப்பிடற. தட்டைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

"கூடித்தான் இருக்கும்," என்றாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "வேலை செய்யறேன் இல்ல. பசிக்குது."

அவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எடை கூடியும் இறக்கம் குறைகிறது என்றால் கோளாறு நினைத்ததைவிடப் பெரியது. முதல் பகுதியில் பிடிக்கிறது, பிடிப்பு விட்டதும் ஒரேயடியாக முங்குகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்கும்? காற்றை நாற்பத்தாறுக்கு இறக்கினார். முங்காமல் இருக்க ஆயில் குழாயில் கொஞ்சம் கெட்டி ஆயிலை ஊற்றினார். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைத்தார்.

போகிற போக்கில் அவள் கைக்கடிகாரத்தை நீட்டினாள். "வார்ல இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுங்க. கையில நிக்க மாட்டேங்குது."

"மட்டமான தோல். இழுத்துடுச்சு," என்றார். துளையூசியை எடுத்து ஒரே குத்தில் போட்டுக் கொடுத்தார். செருப்புக்கு இந்தத் தடவை ஒட்டுப் போதவில்லை. பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் வைத்துத் தைத்தார். "இது பத்து வருஷம் வரும்," என்றார்.

பதினைந்தாவது வாரம் வேன் வந்தபோது முதலாளியே சைக்கிளை இறக்கினார். காகிதத்தை அவரே படித்துவிட்டிருந்தார்.

'அண்ணா, கை மரத்துப் போகுது. ஒரு கல்லுல இறங்கினா அடுத்த கல்லுக்குள்ள எழும்ப மாட்டேங்குது. கீழ டங்குன்னு இடிக்குது. முதல்ல வச்ச மாதிரியே வச்சுக் கொடுத்தாப் போதும்.'

"என்னய்யா ராக்கெட்," என்றார் முதலாளி. "அடுத்த ஞாயித்துக்கிழமை பந்தயம்."

"சரி பண்ணிடறேன்."

"ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்ற. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுதறா. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

முதலில் வைத்த மாதிரியே. மெக்கானிக் ஆயிலை வடித்து, பழைய மெல்லிய ஆயிலையே ஊற்றினார். சீல்களை இரண்டாம் முறை மாற்றினார். குழாயின் உள்பக்கம் துணியைச் சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். தூசி இல்லை, கீறல் இல்லை. கண்ணாடியாகப் பளபளத்தது. கண்ணாடி என்ற சொல் மனதில் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டார். கீழே இடிக்காமல் இருக்க, தான் எடுத்த வில்லைகளில் ஒன்றைத் திரும்பப் போட்டார். காற்றை முதல் தடவை வைத்த ஐம்பதுக்கே ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஏறினாள். இருபத்தாறு.

"இறங்கு. மறுபடி ஏறு."

இருபத்தாறு.

"கொஞ்சம் அழுத்தி உட்காரேன்."

"அழுத்தறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"உன்னால ஒழுங்கா உட்காரக்கூட முடியலையா? ஒரு வேலைதானே சொன்னேன். சும்மா உட்கார்ற வேலை."

அவள் சைக்கிள் மேலேயே, ஹெல்மெட்டோடு, முதுகில் மூன்று பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அவள் கைப்பிடியில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். வளையம் இருபத்தாறிலேயே நின்றது.

அவருக்குக் கோபம் போய்விட்டது. மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்பி இறக்கினார். காலை நீட்டி உட்காரவைத்தார். டயர் வைத்துத் தைத்த செருப்பு கதவோரம் கிடந்தது. அதன் பூ அச்சு மொத்தமாகத் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

"அஞ்சு வாரத்துல டயரையே தேய்ச்சுட்டியே. நீ என்ன லாரியா?"

"நீங்க போட்டது மட்டமான டயர்," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

நாற்பத்து மூன்று. காற்றை அந்த அளவுக்கு இறக்கிய பிறகுதான் வளையம் முப்பதுக்கு வந்தது. அவர் ஒரு மணி நேரம் அந்த முள்ளையும் அந்த வளையத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் மலைமேல் இருக்கிறாள். வளையம் கண்முன்னால் இருக்கிறது. வளையத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

நாற்பத்து மூன்றோடு அனுப்பினார்.

பந்தயத்தன்று முதலாளியின் வேன் வழியில் சூடேறி நின்றுவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது குருவி ஏற்கெனவே மேலே போய்விட்டாள். மெக்கானிக் அடிவாரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். பத்துப் பேர் வந்தார்கள். இருபது பேர் வந்தார்கள். முதலாளி எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனார்.

குருவி முப்பத்தொன்றாவதாக வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்காலில் மண். கடைசிச் சரிவில் ஃபோர்க் அடிவரை முங்கி, சக்கரம் நின்று, அவள் மட்டும் முன்னே போயிருக்கிறாள்.

அவரை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நீங்கதானா அண்ணா?" என்றாள். "பரவாயில்லண்ணா. நான்தான் பின்னாடி சாய மறந்துட்டேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முகாமின் பயிற்சியாளர் அவளைச் சைக்கிளில் ஏற்றி இறக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்தார். முப்பத்தைந்து. பிறகு ஃபோர்க்கைக் கையால் இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டார்.

"யார் செஞ்ச வேலை?"

மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்ல," என்றார் பயிற்சியாளர். "சீல் வெண்ணெய் மாதிரி போகுது. எங்கயும் பிடிப்பு இல்ல. ஆனா இது நாற்பது கிலோ ஆளுக்கு வச்ச காத்து. நீங்க வேற யாருக்கோ செஞ்சிருக்கீங்க."

"நாற்பத்தாறுக்குத்தாங்க வச்சேன். ஆளை உட்காரவச்சு, ஒரு மில்லிமீட்டர் பிசகாம."

"அப்ப உங்க பம்பைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் குருவியை அழைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"முப்பத்தொண்ணு," என்றார்.

"மில்லிமீட்டரா?"

"இடம்."

அவள் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி அவர் உட்கார இடம் கொடுத்தாள். அவர் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"பம்ப் கெட்டுப்போச்சு போல. பம்பை நம்பி அந்தப் பொண்ணு கையை உடைச்சிருப்பேன். நாளையில இருந்து கோடவுன்தான். பாதிச் சம்பளத்துல இந்த வீட்டை எப்படி வச்சுக்கறதுன்னு தெரியல."

"கோடவுனுக்கெல்லாம் போக வேண்டியிருக்காது. நாளைக்குக் காலையில போய்ப் பாருங்க."

"போய்ப் பார்த்தா மட்டும் என்ன ஆகும்?"

"போய்ப் பாருங்கன்னா போய்ப் பாருங்க." அவள் காலைத் துடைத்துக்கொண்டாள். "காலையில என்னை எழுப்பாதீங்க. நாளையில இருந்து நான் நிதானமாப் போனாப் போதும். ஷிஃப்டைப் பழையபடி மாத்திட்டாங்க."

"உனக்காவது நல்லது நடந்ததே," என்றார் அவர்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தன் பம்பைக் கடையின் பெரிய அளவுமானியோடு சேர்த்து மாட்டிப் பார்த்தார். இரண்டு முள்ளும் ஒன்றாகவே நின்றன. மூன்று தடவை பார்த்தார். பம்ப் சரி. சீல் சரி, ஆயில் சரி, குழாய் சரி என்று பயிற்சியாளரே சொல்லிவிட்டார். அப்புறம் எது தப்பு என்று மட்டும் தெரியவில்லை. கை ஆடுகிறவனுக்குக் கண்ணும் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டார்.

தன் ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டி டப்பாவில் போட்டார். மேசையை ஒருமுறை துடைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மேசை இவ்வளவு காலியாக இருந்ததில்லை. முதலாளி முன்னால் யாரோ வாடிக்கையாளரிடம் சங்கிலி விலை சொல்லிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டப்பாவோடு கல்லாக்காரம்மா முன்னால் போய் நின்றார். "கோடவுன் சாவி உங்ககிட்ட இருக்கும்னாங்க. அப்புறம் அந்தப் பணம். மாசா மாசம் சம்பளத்துல எவ்வளவு பிடிப்பீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா வீட்ல சொல்லிடுவேன்."

"எந்தப் பணம்ணே?"

"ஏம்மா நீங்க வேற. கண்ணாடிப் பணம்."

கல்லாக்காரம்மா பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்தார். பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது என்ற எழுத்தின் மேல் குறுக்காக, பணம் கட்டியாயிற்று என்று சிவப்பு முத்திரை விழுந்திருந்தது. சனிக்கிழமைத் தேதி.

"டப்பாவைக் கொண்டுபோய் மேசை மேலயே வைங்க. முதலாளியும் பார்த்துட்டாரு. இதை உங்க கையில கொடுக்கச் சொன்னாங்க. முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தாங்க."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான். பதினாறு வாரமா பஸ்ஸே ஏறாம, போகவர நடந்து, அந்த நாற்பது நாற்பதா மிச்சம் புடிச்சு சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்ல வந்து கொடுத்துட்டுப் போனாங்க. தேஞ்சு ஆளே பாதியாயிட்டாங்களேண்ணே, ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நீங்க பார்க்கவே இல்லையா?"